ஆறாம் மாடித் துணி

எங்கள் நிறுவனம் ஒரு திருகாணிகூடச் செய்வதில்லை.
வாங்குவோம், விற்போம்.
ஆறாம் மாடியில் காற்றுப்பைத் துணி,
நான்கில் எஃகுச் சுருள், மூன்றில் காப்பீடு.
இரண்டில் என்னவென்று இன்றுவரை தெரியாது,
ரப்பர் வாசனை வரும்.
நான் மாடியிலேயே இல்லை.
நகோயா துறைமுகத்தில்
பழைய இரும்புக்கு எடை போடுகிறவள்.

செவ்வாய் காலை இசொகாய் வந்தார், ஆறாம் மாடிக்காரர்.
நெற்றியில் தையல், கழுத்தில் பட்டை.
கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய கார்.
"கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்."

கதவு திறக்கவில்லை.
உடைந்த சன்னல் வழியே கையை விட்டார்.
ஸ்டியரிங்கிலிருந்து சரிந்து கிடந்தது அது,
பிழிந்து போட்ட தலையணை உறைபோல்,
ஓரத்தில் அவர் ரத்தம், பழுப்பாய்.
பதினோரு வருடம் மீட்டர் கணக்கில் விற்ற துணி.
இரு விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார்.
"இவ்வளவு சொரசொரப்பா!
மீட்டருக்கு நான்கு யென் குறைக்க
ஒரு குளிர்காலம் முழுக்க
ஆலைக்காரரோடு மல்லுக்கு நின்றேனே."

ரசீதில் விற்பவர், வாங்குபவர்
இரண்டு கட்டத்திலும் எங்கள் முத்திரைதான்.
குத்தி நீட்டினேன். எடையைப் பார்த்தார்.
"ஆயிரத்து நாற்பது. ஆள் இல்லாமலா?"

"ஆள் இல்லாமல்" என்றேன்.