சால்னாக் கரண்டி

கோரிப்பாளையம். ராத்திரி பத்தரை.
கொத்துப் பரோட்டாச் சத்தத்தில்
கத்தித்தான் பேச வேண்டும்;
எது கோபம், எது குரல் என்று பிரியாது.

எங்களுக்கு ஒரே விதி:
எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லி
"ஆமா, அதேதான்" வாங்காமல்
கரண்டியைத் தொடக்கூடாது.

இந்த வியாழன் இட ஒதுக்கீடு.
அக்கா இழந்த இரண்டு மார்க்கை
ஏழு வருஷமாய்ச் சுமக்கிறான் முகுந்தன்.
ஒச்சம்மா அதைச் சொன்னாள்,
அவனைவிடத் திருத்தமாய்,
அக்கா அன்று கதவைச் சாத்திக்கொண்டது வரை.
"அதேதான்" என்றவன்
கொஞ்ச நேரம் முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

பிறகு அவள்:
"எங்க பூட்டன் தினம் ராத்திரி
ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும்."

"உங்க பூட்டன் ஏதோ திருடி..."
"இல்ல."
"திருடினதா யாரோ புகார்..."
"இல்ல."
சால்னாவில் ஆடை படிந்தது.
நிலோபர் இலை ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.
"ஒண்ணுமே செய்யாம,
பொறந்ததுக்காக,
தினம் போய்க் கையெழுத்துப் போட்டு..."

"கையெழுத்து இல்ல," என்றாள்.
"கைநாட்டு."

"கைநாட்டு."

கரண்டி அவன் பக்கம் நகர்ந்தது.
யார் கருத்தும் மாறவில்லை.
ஆளுக்கு எழுபத்திரண்டு ரூபாய்;
ஆறிப்போன பரோட்டாவுக்கு
இன்னொரு தரம் சால்னா கேட்டோம்.