பொத்தான் தெரு

டிராம் நம்மை இறக்கிவிட்டதும்
கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாய், கழற்றினாய், மறுபடி போட்டாய்.
‘இனி எல்லாம் நடைதான், மெலாஹத்.
எனக்கு இந்த ஊர் உள்ளங்கை.’

இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நீ.
மலாத்யாவில் ஆப்ரிகாட் ஏற்றி
இஸ்தான்புல்லில் இறக்கி
நான்காம் நாள் இரவு வீடு திரும்பி
கை கழுவும்போதே கதை தொடங்கிவிடும்.
பாலத்தின் மேல் தோளோடு தோள் இடித்துத் தூண்டில் போடுகிறவர்கள்,
டிக்கெட் எடுக்காமல் படகேறும் பூனைகள்,
பொத்தான் தவிர வேறெதுவும் விற்காத ஒரு தெரு.
பிள்ளைகள் சூப்பை ஆறவிட்டுக் கேட்பார்கள்.
நானும்தான்.

முதலில் ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டினாய்.
வட்டச் சன்னல்கள், செங்கல் கோடுகள்.
‘சுல்தானின் அரண்மனை.’
பெட்டிகளை உருட்டிக்கொண்டு
சுல்தான்கள் வெளியே வந்தபடி இருந்தார்கள்.
ஒரு சுல்தான் உன்னிடம் ரயில் நேரம் கேட்டார்.
நீ சுட்ட செஸ்ட்நட் வாங்கப் போய்விட்டாய்.

காசு கொடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.
வண்டிக்காரன் இடுக்கியை நீட்டி இடப்பக்கம் காட்டினான்,
பிறகு மேலே, பிறகு மறுபடி இடப்பக்கம்.
திரும்பி வந்து
உனக்கே தோன்றியதுபோல
‘இப்படிப் போவோமே’ என்றாய்.

மசாலாச் சந்தையில் நம் ஊர் ஆப்ரிகாட்
நான்கு மடங்கு விலையில் குவிந்து கிடந்தது.
‘தேன், அம்மா, தேன்’ என்றான் கடைப்பையன்.
கந்தகப் புகை போட்டிருக்கிறீர்கள்,
இல்லாவிட்டால் இந்த மஞ்சள் வராது என்றேன்.
அவன் முகம் சுருங்கிவிட்டது.
இந்த ஊரில் நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது
அது ஒன்றுதான்.

நண்பகலுக்குள் மூன்று பொட்டலம் சேர்ந்தன.
கைப்பை சூடாக இடுப்பில் இடித்தது.
வழி தெரிந்தவனுக்கு இத்தனை பசி எடுக்காது.
சொல்லவில்லை.
வலது குதிகாலைப் புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது,
அதையும் சொல்லவில்லை.
ஏறினோம், இறங்கினோம்,
கம்பளம் உதறிக்கொண்டிருந்த அதே பெண்ணை இரண்டாம் முறை கடந்தோம்.
இரண்டாம் முறை அவள் வணக்கம் சொன்னாள்.

பிறகு ஒரு சந்து திரும்பியது.

பொத்தான்.
கடைக்குக் கடை, தரையிலிருந்து கூரைவரை,
குப்பியில், சாக்கில், அட்டையில் தைத்து,
கொம்பில், சிப்பியில், பித்தளையில்,
மணப்பெண்ணின் முதுகுக்கு, தபால்காரரின் மார்புக்கு.
வேறெதுவும் இல்லை. ஓர் ஊசிகூட இல்லை.

நடுத்தெருவில் நின்றுவிட்டாய்.
தள்ளுவண்டிக்காரன் திட்டிக்கொண்டே உன்னைச் சுற்றிப் போனான்.
என்னைவிட உனக்குத்தான் அதிசயம்.
‘சொன்னேன் இல்லையா’ என்பது
வெகுநேரம் கழித்து
யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல வந்தது.

பாலத்தில் வைத்துத்தான் கேட்டேன்.
தூண்டில்காரர்கள் இருந்தார்கள், அது நாள்காட்டியிலேயே இருக்கிற படம்.
‘ஃபெரிதூன், ஊருக்குள் எத்தனை முறை வந்திருக்கிறாய்?’
விரல் நீள மீன் ஒன்று மேலே வந்து
வாளிக்குள் விழுந்து அடங்கும்வரை நீ பேசவில்லை.
‘மொத்தச் சந்தை, மூன்றாம் வாசல்.
சரக்கு இறங்க ஒரு பகல் ஆகும். தூக்கம் இருக்கையிலேயே.
வண்டியை விட்டுப் போனால் டீசலை உறிஞ்சிவிடுவான்கள்.’
பிறகு,
‘எனக்குத் தெரிந்தது ஒரு மதில் சுவர்.
அதைப் போய்ப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?’

கோபப்படலாமா என்று யோசித்தேன்.
இருபத்திரண்டு வருடம் மதில் சுவரைப் பார்த்தபடி
ஒரு தெரு முழுக்கக் கடை விரித்திருக்கிறாய்,
பூனையைப் படகில் ஏற்றிவிட்டிருக்கிறாய்.
கோபமும் கொஞ்சம் இருந்தது.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பேருந்து.
நிலையம் எந்தப் பக்கம் என்று
இருவருக்கும் தெரியவில்லை.
வெறும் காலுறையோடு நடந்துபோய்
பாலத்தடி வண்டிக்காரனிடம் ஒரு பொட்டலம் கேட்டேன்,
வழியும் கேட்டேன், உரக்க.
நீ பின்னாலிருந்து
‘பூனைகளை இன்னும் பார்க்கவில்லையே’ என்றாய்.