ஏழாவது கேள்வி

ஆறு கேள்விகளுக்கு
ஒரே இருப்பில் எழுதிவிட்டேன்.
பெயர் எமிலியான். வயது முப்பத்தெட்டு.
ஞானஸ்நானம் பாசையூரில்.
கலியாணம் இல்லை. நோயும் இல்லை,
பெற்றோல் மணத்துக்கு வரும் தலையிடி தவிர.
தெரிந்த தொழில் படகு இஞ்சின் திருத்துவது.
ஏழாவது:
ஏன் இந்த ஊழியத்துக்கு வர விரும்புகிறீர்?
நாலு கோடு விட்டிருந்தார்கள்.
பேனையில் மை இருந்தது.

கூப்பிட்ட குரலென்று ஒன்றும் நான் கேட்கவில்லை.
பீப்பாய்த் தண்ணீரில்
பதினைந்து குதிரைவலு அலறிக்கொண்டு நிற்க
பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டாலே கேட்காது.

வலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனவர்களைப் பற்றி
சுவாமி பிரசங்கம் வைக்கும் ஞாயிறுகளில்
என் யோசனை வேறு:
அந்த வலை ஆருடைய காசு?
மிச்சத் தவணையை ஆர் கட்டியது?

என்னிடம் விட்டுப்போக வலை இல்லை.
கடன் கொப்பி இருந்தது.
இருபத்திரண்டு பெயர்.
பிளக்குக்கு, கியர் எண்ணெய்க்கு, கூலிக்கு.
பூசையில் காணிக்கைத் தட்டில் வைக்கலாமோ என்றேன்.
சுவாமி சிரிக்கவில்லை.
"கடவுளுக்கு உதில என்ன வேலை, எமில்?
படலை படலையாய்ப் போய்ச் சொல்லும்."

போனேன்.
சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.
சிலர் கடனே இல்லையென்று சாதித்தார்கள்.
ஒருத்தர் இன்னுமொரு பிளக் கேட்டார்,
கடனாக.

கடைசிப் பெயர் சூசைதாசன்.
வாடைக்காற்று கொண்டுபோய்ப் பதினாலு மாதம்.
படகு மண்டைதீவுக்கு அப்பால்
கவிழ்ந்தபடி கிடைத்தது.
இஞ்சின் கிடைக்கவில்லை.
அதைக் கடைசியாகப் பூட்டியது இந்தக் கை.
நாலு போல்ட்டையும் இறுக்கினேனா,
மூன்றோடு நிற்க ஆரோ கூப்பிட்டு எழும்பினேனா?
இரவில் எண்ணிப் பார்ப்பேன்.
மூன்று மட்டும் வரும்.

றொசலின் முற்றத்தில் சூடை காயப்போட்டிருந்தாள்.
கொப்பியைக் காட்டி, வெட்டிவிட்டேன் என்றேன்.
காகம் விரட்டும் தடியோடே நிமிர்ந்தாள்.
"ஆரைக் கேட்டு வெட்டினீர்?
தந்து முடிப்பன் எண்டு அவர் சொன்னவர்.
அவற்ற சொல்லை நீர் வெட்டேலாது."

பால்மா ரின்னோடு வந்தாள்.
இரண்டாயிரத்து நானூறு.
நூறுகள், இருபதுகள்,
செதில் ஒட்டிய ஓர் ஐம்பது.
எண்ணி முடியுமட்டும் என்னை நிற்க வைத்தாள்.
அந்த வெயிலில்தான் சொன்னேன்
நாலாவது போல்ட்டைப் பற்றி.

"தெரியும்," என்றாள்.
"கோயிலில நீர்
கடைசி வாங்கில இருக்கத் துவங்கினதில இருந்து தெரியும்."
வேறொன்றும் சொல்லவில்லை.
மன்னித்தேன் என்றும் இல்லை.
காகமொன்று சூடையைக் கவ்விக்கொண்டு போனது.
அவள் தடியை ஓங்கவில்லை.

ஏழாவதில்
ஆண்டவரின் அன்பு என்று தொடங்கி, வெட்டினேன்.
றொசலினுக்குத் தெரியும் என்று எழுதி, அதையும் வெட்டினேன்.
கடைசியில் எழுதியது:
நெடுந்தீவு மிஷன் வீட்டில்
தண்ணீர்ப் பம்பி பழுதென்று அறிந்தேன்.

எடுத்துக்கொண்டார்கள்.
வார்த்தைப்பாடு கொடுக்க மூன்று வருடம் செல்லுமாம்.
ஒருவன் வாயிலிருந்து ஒரு சொல் முற்றி வர
அவ்வளவு காலம் வேண்டும்தான்.

குறிகட்டுவான் பஸ்ஸில் அந்த ஐம்பதை நீட்டினேன்.
நடத்துநர் செதிலை நகத்தால் சுரண்டிவிட்டு
பைக்குள் போட்டார்.
பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்.
ஒரு பக்கம் மட்டும் பார்த்தேன்.
பிறகு வள்ளத்தில்
அப்படி ஒரு பக்கம் இருக்கவில்லை.

பம்பி கிணற்றடியில், உப்புப் பூத்துக் கிடந்தது.
வாளியோடு ஆறேழு பெண்கள்.
உள்ளே சங்கு சிப்பியெல்லாம் குடியிருந்தன.
மூன்று நாள் கழுவி, அரத்தால் ராவி,
றப்பர் மாற்றி, மூடியைப் பூட்டினேன்.

ஒன்று.
இரண்டு.
மூன்று.
மிஷன் வீட்டு வாசலில் நின்று
ஆரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
எழும்பவில்லை.
சாவியை இன்னும் அரைச் சுற்றுத் திருகினேன்.
நாலு.

பிறகுதான்,
"வாறன்," என்றேன்.