கூடைக் கூலி

கொசு மரத்தின்மேல் பிறக்கிறது என்று
சுகாதாரத் துறைக்காரர் சொன்னபோது
புரூஸ்கி ஊரே சிரித்தது.
சதுப்பு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது,
மரத்தில் ஏது தண்ணீர்?

மறுநாள் நான் ஏறினேன்.
முதல் கிரவத்தாவின் அடியில் கத்தி வைத்ததும்
ஒரு செம்புத் தண்ணீர் தலையில் கவிழ்ந்தது.
பழைய மழை, கடுந்தேநீர் நிறம்.
கூடவே ஒரு தவளை
காலருக்குள் விழுந்து முதுகுவரை போனது.
கீழே நின்ற வால்தெமிரோ
ஏணியை விட்டுவிட்டுச் சிரித்தான்.

கூடைக்கு இவ்வளவு என்று கூலி.
ஆள் அகலத்துக்கு விரிந்தது இரண்டு போட்டால்
கூடை நிறையும்.
விரல் நீளத்தது என்றால் அறுபது வேண்டும்.
ஆகவே பெரியவை முதலில் செத்தன.

பெயர் தெரியாது எனக்கு, முகம் தெரியும்:
இலைக்கு இலை கறுப்புப் பட்டை போட்டது,
நடுவில் மட்டும் சிவந்து
யாருக்கோ காத்திருப்பது,
மணிக்கட்டைக் கிழித்துவிட்டுத்தான் கையில் வருவது.
கிழவன் தாடியாய்க் கிளையில் தொங்கும் ஒன்றுக்கு
வேரும் இல்லை, கிண்ணமும் இல்லை.
அதில் நீர் நிற்காது, விடு என்றார்கள்.
ஏதும் சேர்த்து வைக்காதது பிழைத்தது.

மற்றவற்றை உதறினால்
தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு,
ஊசியாய் ஒரு புழு, வானத்தில் ஒரு துண்டு.
சிலவற்றில் கொசுப்புழுவே இல்லை.
அவற்றையும் கூடையில் போட்டேன்.
வீட்டில் எல்விரா
ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்று மணிக்கு,
கட்டில் கால்கள் தரையில் தட்ட நடுங்கினாள்.

மதியம் அதே கத்தியால் அன்னாசி சீவினோம்.
இதுவும் அந்தச் சாதிதான்,
மரம் ஏறாத கிளை என்றார் துறைக்காரர்.
வால்தெமிரோ மெல்லுவதை நிறுத்தினான்,
கொஞ்ச நேரம்தான்.

சாலையோரம் குவித்து நெருப்பு வைத்தோம்.
பிடிக்கவில்லை. உள்ளே அவ்வளவு ஈரம்.
மூன்றாம் வாரம் குவியல் பூத்தது,
சிவப்பும் மஞ்சளுமாய், தலைகீழாய்க் கிடந்தவைகூட
தண்டை வளைத்து மேலே பார்த்தன.
ரீங்காரச் சிட்டுகள் முழங்கால் உயரத்துக்கு
இறங்கி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

எல்விராவுக்குக் காய்ச்சல் நின்றது.
கொய்னாவாலா, என் கத்தியாலா, தெரியாது.
எதுவானாலும்
இன்னும் ஆயிரம் கூடை வெட்டியிருப்பேன்.

இப்போது மழை
எங்கும் தங்காமல் நேரே இறங்குகிறது.
இரவில் எங்கள் தண்ணீர்ப் பீப்பாயில்
ஒரு தவளை கத்துகிறது.
திறந்தே இருக்கட்டும் என்கிறாள் எல்விரா.
கொசு வரும் என்று மூடுகிறேன்.

மூடியின்மேல் உட்கார்ந்து கத்துகிறது.