கடைசிக் காட்சி, எஃப் வரிசை

நாற்பத்தோராவது சனிக்கிழமை.
‘மூன்றாவது நடைமேடை’ இன்றோடு நிறைவு என்று
ரத்தினா மஹால் வாசலில் தாள் ஒட்டியிருந்தார்கள்.
என் கடையில் ஜெராக்ஸ் எடுத்த தாள்தான்.
பத்துப் பிரதிக்கு இருபது ரூபாய்.
வாங்கியிருக்கக் கூடாது.

எனக்கு இது இருபத்தாறாவது தடவை.
வீட்டில் பதினொன்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எஃப் வரிசையில் எங்களுக்குப் பெயர் கிடையாது.
எஃப் நான்கு, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிறவர்.
எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு.
எஃப் ஏழு, ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்.
இரண்டாம் அங்கத்துப் பாட்டை
கொண்டை ஊசிக்கு ஒரு வரியாக முனகிக்கொண்டே வருவாராம்.
வளைவு இருபது, பாட்டு இருபத்திரண்டு வரி.
மிச்சம் இரண்டும் அஸ்தம்பட்டி சிக்னலில்.
எஃப் ஒன்பது, டீச்சர். அழமாட்டார்.
இடைவேளையில் தட்டுவடை செட்டில் பாதி எனக்கு,
பீட்ரூட் சாயம் இரண்டு பேர் விரலிலும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
ரயில் வரும். அவள் ஏறமாட்டாள்.
ரயில் என்பது ஆறு பேரும் ஒரு நீலப் படுதாவும்.
ஆனாலும் நாற்பது வாரமும்
அந்தப் படுதா உள்ளே வரும்போது
என் கால்கள் தாமாகப் பின்னுக்குப் போகும்.

கடைசிப் பாட்டு.
அல்போன்சா ஒற்றைப் பையோடு விளிம்புக்கு வந்தாள்.

*இறங்குகிறவனுக்கு ஒரு ஊர்,
ஏறுகிறவனுக்கு ஒரு ஊர்,
நிற்கிறவளுக்கு*

நின்றாள்.
வரவேண்டிய சொல் வரவில்லை.
கீபோர்டு பையன் அதே சுரத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்தினான்.
*இந்த நிழல்*, அவ்வளவுதான் வரி.
எஃப் நான்குக்குத் தெரியும். ஏழுக்குத் தெரியும்.
கதவருகே டார்ச் வைத்திருந்த வாட்ச்மேனுக்கும் தெரியும்.
இருட்டில் திரும்பிப் பார்த்தேன்,
அத்தனை வாயும் ‘நி’ என்று குவிந்து
ஒன்றும் சத்தம் போடவில்லை.
எடுத்துக் கொடுத்தால் அது எங்களுடையதாகிவிடும்.
வேண்டாம், அவளே தேடட்டும்.

*நிற்கிறவளுக்கு*
*நீங்கள்*
என்றாள்.

விளக்கு அணைந்தது.
கைதட்ட ஒரு நொடி பிந்திவிட்டோம்.
அந்த ஒரு நொடிக்காக இன்னும் என்னை நானே திட்டுகிறேன்.

வெளியே ஐந்து ரோட்டுப் பாலத்துக்கடியில் ஆரம்பித்தது சண்டை.
“மறந்துட்டா. ‘நி’யில பிடிச்சு எதையோ சொல்லிட்டா,”
என்றார் கொலுசுக்காரர்.
“இல்ல, நமக்குன்னே மாத்தினது.”
ஏற்காட்டுக்காரருக்குக் குரல் உடைந்தது.
“நாப்பது வாரம் சரியாச் சொன்னவ
இன்னிக்கு மட்டுமா மறப்பா?”
“இன்னிக்குத்தான் மறப்பா.”

டீச்சர் பையில் கைக்குட்டை தேடினார், கிடைக்கவில்லை,
ஹால் டிக்கெட்டாலேயே மூக்கைத் துடைத்தார்.
“போய்க் கேட்டுறலாமே” என்றேன்.
மூன்று பேரும் என்னை
ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவளைப் போலப் பார்த்தார்கள்.

இனி அடுத்த சனிக்கிழமை வந்து
சரிபார்க்க முடியாது.
முதல் தடவையாகப் பெயர் கேட்டுக்கொண்டோம்.
துளசிராம். பெலிக்ஸ். நசீமா.
பெயர்கள் ஒருவருக்கும் பொருந்தவில்லை.
நம்பர் மாற்றிக்கொள்ளலாம் என்று போனை எடுத்தார் பெலிக்ஸ்,
சார்ஜ் இல்லை.
மலைக்குப் பஸ் எப்போதோ போய்விட்டது.
அவர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்,
முனகாமல்.

வாசலில் தாளைக் காணோம்.
நாலு மூலை டேப் மட்டும் சுவரில்.
யார் கிழித்தது என்று கேட்கவில்லை,
டீச்சரின் பை சற்று உப்பியிருந்தது.

மூலப்பிரதி என் மெஷின் மூடிக்கடியில்
குப்புறக் கிடக்கிறது. அப்போதே எடுத்துக் கொடுக்க மறந்தது.
ஞாயிறு கடை கிடையாது.
திங்கட்கிழமை யாராவது ஆதார் அட்டையோடு வருவார்கள்,
மூடியைத் திறப்பேன்.