உதவியின்றி

மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்ததே இல்லை.
நாற்பத்தெட்டுப் படி ஏறி
மூச்சிரைப்பை வாசலுக்கு வெளியிலேயே முடித்துக்கொண்டு
கதவைத் தட்டினேன்.
மதிப்பிட வருகிறவள் சுவரைப் பிடித்து நிற்கக் கூடாது.

"திறந்துதான் இருக்கு."

தவனேசன் மூட்லி, அறுபத்தொன்பது.
முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர்,
சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் மார்க்கெட் வரை.
பக்கவாதம், இடப்புறம், மார்ச் மாதம்.
இவ்வளவும் கோப்பில் இருக்கிறது.
கோப்பில் இல்லாதது:
மாநகராட்சி வருகிறதென்று சட்டை போட்டிருந்தார்,
பித்தான்கள் ஒரு துளை தள்ளி,
காலரின் ஒரு முனை காதைத் தொட.

தானாகக் குளிப்பீர்களா?
"குளிப்பேன்."
சமைப்பீர்களா?
"அதுக்கென்ன, சமைப்பேன்."
மாடிப்படி?
"ஏறுவேன்."
இறங்க?
"கீழே எனக்கென்ன வேலை?"

அடுப்பின் மேல் பழைய செய்தித்தாள்
முழங்கை உயரத்துக்கு.
மேஜையில் ஒரு பானை, உள்ளே ஃபூத்துவும் பீன்ஸும்,
இன்னும் ஆவி.
மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஓர் எழுத்து.
அவருடைய முதலெழுத்து அல்ல.
"என் பானைதான்," என்றார் நான் கேட்காமலே.

பதினொன்றாம் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன்.
ஜன்னலைப் பார்த்தார்.
கோயிலின் சனிக்கிழமை வகுப்பில்
மயில், மாதங்கள், நவக்கிரகம் எல்லாம் சொல்லித் தந்தார்கள்.
இதற்கு மட்டும் வார்த்தை தரவில்லை.
"ராத்திரியிலே... நேரத்துக்குப் போக முடியுதா, அங்கிள்?"
பாதித் தமிழும் பாதிக் கையுமாகக் கேட்டேன்.
சிரித்துவிட்டார்.
"சில நாள் பஸ்
ஸ்டாப் வர்றதுக்கு முந்தியே நின்னுடுதும்மா."
அதற்கொரு கட்டம் இருந்தது. குறித்தேன்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்து:
வேறு எவரேனும் உதவினால்
அந்த மணிநேரம் கழிக்கப்படும்.
உதவியின்றி முடியும் என்பவருக்கோ
கழிக்கவும் ஒன்றுமில்லை.
அவருடைய 'முடியும்' ஒரு பக்கம் தின்றது.
பானை மறுபக்கம்.
பேனா நடுவில்.

அப்போதுதான் நோக்குதூலா வந்தாள்,
எதிர் வீடு, கை இரண்டிலும் ஐந்து லிட்டர் தண்ணீர்.
டேங்கர் இன்றும் தாமதம், வரிசையில் சண்டை என்று
சூலுவில் சொல்லிக்கொண்டே பாட்டில்களை வைத்தாள்.
சொல்லிக்கொண்டே அவர் சட்டையைக் கழற்றினாள்,
சொல்லிக்கொண்டே திரும்பப் பூட்டினாள்,
கீழிருந்து மேலாக, ஆறு பித்தான்,
பேச்சு எங்கும் தடைபடாமல்.
அவள் தோளுக்கு மேலாக அவர் என்னைப் பார்த்தார்.
டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவன் முகம்
எப்படியிருக்கும் என்று
அவரைவிட யாருக்குத் தெரியும்.

"நீங்கள் கவுன்சிலா?" என்றாள் என் அட்டையைப் பார்த்து.
"ஆள் எப்போது வருவார்?
ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரி சலவையில்
ராத்திரி வேலை."

அவருக்கு இது புதுச் செய்தி.
பானையை எடுக்கப் போனவளிடம்
"இருக்கட்டும், இன்னும் சாப்பிடலை," என்றார்,
அவளுடைய மொழியில், மெதுவாக.

நான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.
குளிப்பது. சமைப்பது. படி.
"அங்கிள், மறுபடியும் கேட்கட்டுமா?"
நெடுநேரம் வலக்கையால் இடக்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.
"நீயே எழுதிக்கோ."

எழுதினேன்.
'அக்கம்பக்கத்தார் உதவி' என்ற இடத்தில்
ஒரு சின்னக் கோடு இழுத்தேன், இல்லை என்பதற்கு.
நோக்குதூலா அதைப் பார்த்தாள்.
பானையைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஆறு வாரம் ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.
முதல் படியில் கால் வைத்ததும் உள்ளிருந்து குரல்,
பழைய தொழில் குரல், தெரு முழுக்கக் கேட்கும்படி:
"பார்த்து இறங்கு! பன்னிரண்டாவது உடைஞ்சிருக்கு!"

மேலிருந்து எண்ணியா, கீழிருந்தா
என்று கேட்க மறந்தேன்.
இரண்டிலும் பார்த்துக் கால் வைத்தேன்.