மங்குதல்

சஸ்கட்டூனில் ஜனவரி. மைனஸ் முப்பத்துநான்கு.
கயிறு கட்டிய மாடுகளாய்
மின்கம்பியோடு நிற்கின்றன கார்கள்.
நாங்கள் நிலவறையில்,
கறுப்புத் துணிக்குள் ஒரு ஒளியைக் காவல் காக்கிறோம்.

படிகத்திலிருந்து வரைந்த படம் சுவரில் இருக்கிறது:
குதிரை ஈரலின் நொதி.
சாராயத்தை முறிப்பது அதன் தொழில்.
பத்திரப்பதிவு முடிந்த மனை மாதிரி
அணு அணுவாய் எல்லை குறித்த படம்.
அதில் இரண்டு ட்ரிப்டோஃபேன்.
ஒன்று தண்ணீரோரம், வருவோர் போவோர் மேல் முட்டிக்கொண்டு.
மற்றது நடுவில், எண்ணெய் இருட்டில்.
வாசல் இல்லை, சன்னல் இல்லை,
மயிரிழை நுழைக்க இடமில்லை.

"அப்படியென்றால் உள்ளே யாரும் போக முடியாதே?"
ஆக்சிஜன் உருளையின் திருகைப் பிடித்தபடி
டார்லீன் ஹ்ரிட்சுக் கேட்கிறார்.
பதில் அவருக்குத் தெரியும்.

ஒரு துடிப்பு போகிறது.
புதைந்தது விழிக்கிறது,
எங்கள் கண்ணுக்கு எட்டாத நிறத்தில்
ஏழு நானோநொடி இருந்து அணைகிறது.
'ஏழு' என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
பல கோடி முறை விழித்து அணையலாம்.

அழுத்தம் ஏறுகிறது. இருபது. நாற்பது.
எஃகுக் கலத்துக்குள் என்ன நடக்கிறதோ,
திரையில் கோடு சரிகிறது.
ஆறு. ஐந்து. நாலே முக்கால்.

"வந்தாச்சு," என்கிறார் டார்லீன்.
பேருந்து வரும்போது நான் சொல்லும் சொல்.
அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த தமிழ்.

கதவில்லாத வீட்டுக்குள் எப்படி வந்தது?
சுவர்தான் நகர்ந்திருக்க வேண்டும்,
நெரிசல் பேருந்தில் இறங்குகிறவருக்கு
இடமே இல்லாத இடத்தில்
உடம்புகள் இடம் விடுவது போல,
விட்ட சுவடில்லாமல் மறுபடி மூடிக்கொள்வது போல.
படம் பொய்யில்லை.
மூச்சைப் பிடித்திருந்தபோது எடுத்தது, அவ்வளவுதான்.

ஒளி விளக்குக்கு இத்தனை ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டு
நான் எழுதி வைப்பதெல்லாம்
ஒளி எவ்வளவு குறைந்தது என்பதை.

சரிபார்க்க வாயுவை வெளியேற்றினோம்.
ஏறி வந்தது. ஆறரை. ஆறே முக்கால்.
ஏழு வரவில்லை.
கொஞ்சம் செத்திருக்கும்.
டார்லீன் அதையும் குறித்தார், பென்சிலில்.

மூன்று மணிக்கு மேலே வந்தோம்.
இமைமயிர் ஒட்டிக்கொண்டது.
கழுத்துவரை ஜிப், அதன்மேல் சால்வை, அதன்மேல் தொப்பி.
கார்க் கம்பியைப் பிடுங்கக் குனிந்தபோது
குளிர் என் முதுகுத்தண்டைத் தொட்டது.
எந்த வழியாக என்று
நான் தேடவில்லை.